ஆண்டுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் டைம்ஷேர்: வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

டைம்ஷேர் என்பது ஒரு ரிசார்ட்டில் ஆண்டுதோறும் ஒரு வாரம் போலக் குறிப்பிட்ட காலம் தங்குவதற்கு விலை கொடுத்து வாங்கும் உரிமை. அதை வைத்திருக்கும் பலருக்கு அது நினைவுக்கு வருவதே பராமரிப்புக் கட்டணத்துக்கான ரசீது வரும் வாரத்தில்தான். சென்ற ஆண்டைவிடத் தொகை கூடியிருக்கும். கடந்த விடுமுறையில் அந்த ரிசார்ட்டுக்குப் போக முடியாமல் வாரம் வீணாகிப் போனதும் அப்போதுதான் சேர்ந்து உறுத்தும். அந்த எரிச்சலில் எப்படியாவது தள்ளிவிட்டால் போதும் என்று முதலில் தொலைபேசியில் அழைத்தவரிடம் பத்திரத்தைக் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பணத்தைப் போட்டுவிட்டு எப்படி விடுவது என்று பெருமூச்சோடு இன்னும் ஓர் ஆண்டுக்குக் கட்டிவிடுபவர்கள் அவர்களைவிட அதிகம். இரண்டு தரப்பினரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கணக்குப் பார்க்காமலே முடிவெடுக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு தொகைக்கு மட்டும் இடமே இல்லை. முதன்முதலில் டைம்ஷேரை வாங்கும்போது கொடுத்த விலைதான் அது. வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அந்தப் பணம் திரும்பப் போவதில்லை என்பதால், அதை இன்றைய முடிவுக்குள் இழுத்து வரக் கூடாது. இனிமேல் கட்டப்போகும் பணத்துக்கு இனிமேல் என்ன கிடைக்கும், அதே தங்கலை வெளியில் வாங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி ஒன்றுதான் மிச்சம். சொல்வதற்கு எளிது, மனம் ஒப்புவதுதான் கடினம். ஆனால் இதை ஒப்புக்கொள்ளாதவர்களுக்குக் கீழே சொல்லப்படும் எதுவும் பயன்படாது.

பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்

கையில் இருப்பது என்ன என்பதே பலருக்குத் தெளிவாகத் தெரியாது. வாங்கிய அன்று நடந்த விற்பனைக் கூட்டத்தில் சொன்னதுதான் நினைவில் இருக்குமே தவிர, கையெழுத்திட்ட தாளில் உள்ளது நினைவில் இருக்காது. ஆகவே மூல ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் ரிசார்ட் நிர்வாகத்துக்கு எழுதிப் படி கேட்டு வாங்குங்கள்.

பொதுவாக மூன்று வகைகள் உண்டு. ஒரு குறிப்பிட்ட ரிசார்ட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் என்று பத்திரப் பதிவோடு வருவது முதல் வகை. அந்த வாரம் ஒவ்வோர் ஆண்டும் அதே தேதிகளில் வரும் நிலையான வாரமாகவோ, ஒரு பருவத்துக்குள் நாமே தேர்ந்து முன்பதிவு செய்யும் மாறும் வாரமாகவோ இருக்கலாம். சொத்துரிமை எதுவும் இல்லாமல், குறித்த ஆண்டுகள் வரை பயன்படுத்தும் உரிமையை மட்டும் தருவது இரண்டாம் வகை. ஆண்டுதோறும் இத்தனை பாயிண்ட்ஸ் என்று தந்து, அவற்றைக் கொண்டு பல ரிசார்ட்டுகளில் அறை எடுக்க விடுவது மூன்றாம் வகை. கட்டணம் ஏறுவது எல்லா வகைக்கும் பொதுவானது என்றாலும், வெளியேறும் வழி வகைக்கு வகை மாறுகிறது.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது முடிவுத் தேதி. இன்னும் நான்கு ஆண்டுகளில் தானாகவே முடிந்துவிடும் உரிமையை விற்க அலைவது பெரும்பாலும் வீண் அலைச்சல். பேசாமல் பயன்படுத்திவிட்டு விட்டுவிடலாம். முடிவே இல்லாத ஒப்பந்தம் என்றால் நிலைமை வேறு. அமெரிக்காவில் பத்திரப் பதிவோடு விற்கப்பட்ட வாரங்கள் பல இப்படிக் காலவரையறையற்றவை. ஸ்பெயினில் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய உரிமைகளுக்கு அதிகபட்சம் 50 ஆண்டுகள் என்று வரம்பு வைத்தது. அந்த வரம்பை மதிக்காமல் விற்கப்பட்ட ஒப்பந்தங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்த பிறகு ஏராளமான வழக்குகள் தொடரப்பட்டன. எனவே எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ், எந்த ஆண்டில் வாங்கினீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். ஒப்பந்தமே செல்லாது என்றால் விற்பதா வேண்டாமா என்ற கேள்வியே எழாது.

அடுத்து, பத்திரத்தில் யார் யார் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். கணவன், மனைவி இருவர் பெயரில் வாங்கி அதில் ஒருவர் காலமாகிவிட்டால், பெரும்பாலும் வாரிசுச் சான்றுகள் இல்லாமல் மாற்றிக் கொடுக்க முடியாது. அந்த வேலை மட்டுமே பல மாதங்களை விழுங்கும். வாங்கக் கடன் எடுத்திருந்தால் எவ்வளவு பாக்கி, என்ன வட்டி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடன் பாக்கி இருக்கும் டைம்ஷேரை ரிசார்ட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளாது, வெளியாரும் தொடமாட்டார்கள். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் எண்ணம் இருந்தால், அவர்களிடம் வேண்டுமா என்று ஒருமுறை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. அவர்களுக்குப் போய்ச் சேர்வது விடுமுறை மட்டுமல்ல, கட்டணமும்தான்.

ரசீதை வரி வரியாகப் பாருங்கள்

மொத்தத் தொகையைப் பார்த்து வயிறெரிவதோடு நிறுத்திவிடாமல், அதன் உட்பிரிவுகளைப் பாருங்கள். ரசீதோடு வரும் நிதிநிலைத் தாளில் அன்றாட இயக்கச் செலவு ஒரு வரி. கூரை, லிப்ட், நீச்சல் குளம், அறைகலன் போன்றவற்றை மாற்றச் சேர்த்து வைக்கும் கையிருப்பு நிதி ஒரு வரி. சொத்து வரி ஒரு வரி. காப்பீடு ஒரு வரி. நிர்வாக நிறுவனத்தின் கூலி ஒரு வரி. வசூலாகாத பாக்கிக்கான ஒதுக்கீடு ஒரு வரி. பாயிண்ட்ஸ் வகை என்றால் இதற்கு மேல் கிளப் சந்தா தனியாக வரும். வேறு ரிசார்ட்டுகளுக்கு மாற்றிக்கொள்ளும் வசதிக்காகப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தால், ஆண்டுச் சந்தாவும் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஒரு கட்டணமும் உண்டு. இவற்றைப் பலர் டைம்ஷேர் செலவாகவே எண்ணுவதில்லை.

இவற்றில் இரண்டு வரிகளைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும்.

ஒன்று, கையிருப்பு நிதி. கட்டடத்துக்கு வயதாகிறது. 1980களின் தொடக்கத்தில் கட்டிய ரிசார்ட் இப்போது நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. குழாயும் மின்கம்பியும் கூரையும் ஒரே காலத்தில் மாற்றத்துக்கு வந்து நிற்கும். கட்டணத்தைக் குறைவாகக் காட்டுவதற்காகப் பல ஆண்டுகள் கையிருப்பைச் சேர்க்காமல் விட்ட உரிமையாளர் சங்கம், ஒருநாள் எல்லா உரிமையாளர்களிடமும் சிறப்பு வசூல் என்று பெருந்தொகை கேட்கும். அது ஒரே ரசீதில் இரண்டு, மூன்று ஆண்டுக் கட்டணத்துக்குச் சமமாக வந்தாலும் கட்டியே ஆக வேண்டும். கட்டணம் குறைவாக இருப்பதும் கையிருப்பு மெலிந்திருப்பதும் ஒன்றாகச் சேர்ந்தால் அது நல்ல செய்தி அல்ல.

மற்றொன்று, வசூலாகாத பாக்கி. என் பார்வையில் முழு ரசீதிலும் மிக முக்கியமான வரி இதுதான். கட்டடத்தை நடத்தும் செலவு உரிமையாளர்கள் எல்லோருக்கும் பங்கிடப்படுகிறது. அவர்களில் சிலர் கட்டாமல் நின்றுவிட்டால் அவர்கள் பங்கும் கட்டுகிறவர்கள் தலையில் விழுகிறது. கட்டணம் ஏறுகிறது, ஏறியதால் இன்னும் சிலர் நிற்கிறார்கள், அதனால் மீண்டும் ஏறுகிறது. இந்தச் சுழல் தொடங்கிவிட்ட ரிசார்ட்டில், கடைசி வரை ஒழுங்காகக் கட்டுகிறவர்தான் அதிகம் இழக்கிறார். ஆகவே சங்கத்தின் கடந்த மூன்று ஆண்டுக் கணக்கறிக்கைகளைக் கேட்டு வாங்கி, இந்தத் தொகை ஆண்டுக்கு ஆண்டு வளர்கிறதா என்று பாருங்கள். வளர்கிறது என்றால், மற்ற கணக்குகள் எல்லாம் சாதகமாக இருந்தாலும் வெளியேறும் வழியை இப்போதே தேடத் தொடங்குவது நல்லது.

நிர்வாகக் கூலியைப் பற்றி ஒரு குறிப்பு: பல ஒப்பந்தங்களில் இது மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று வைக்கப்பட்டிருக்கும். செலவு கூடினால் கூலியும் கூடும் என்றால், சிக்கனத்தில் யாருக்கு அக்கறை இருக்கும்?

இனி வளர்ச்சி விகிதம். ஐந்து ஆண்டுகளுக்கு முன் 100ஆக இருந்த கட்டணம் இன்று 140 என்றால், ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம் ஏறியிருக்கிறது. அதே வேகத்தில் போனால் பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். இன்று 10,000 கட்டுகிறவர், எந்த நாணயமாக இருந்தாலும், அடுத்த பத்து ஆண்டுகளில் மொத்தம் சுமார் 1,38,000 கட்டியிருப்பார். இருபதாவது ஆண்டின் ரசீது மட்டும் 36,000ஐத் தாண்டும். ஏற்றம் 4 சதவீதமாக இருந்தால் பத்து ஆண்டு மொத்தம் சுமார் 1,20,000. முதல் பத்து ஆண்டுகளில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இருபது ஆண்டுகளில் அது ஒரு லட்சத்துக்கு மேல் விரிந்துவிடும். முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தம் ஏன் பயமுறுத்துகிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும்.

உண்மையில் எத்தனை இரவுகள்?

என் பெரியப்பா ஒருவர் தம் டைம்ஷேரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆண்டுக்கு ஒரு வாரம் தவறாமல் போகிறோம் என்றே சொல்வார். ஒருநாள் ரசீதுக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, "பெரியப்பா, கடைசி ஐந்து வருஷத்தில் எந்தெந்தத் தேதியில் போனீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். முதல் ஆண்டு ஏழு இரவுகள். அடுத்த ஆண்டு அறுவை சிகிச்சை, போகவில்லை. மூன்றாம் ஆண்டு கேட்ட தேதி கிடைக்காமல் வேறு ரிசார்ட்டில் நான்கு இரவுகள், அதற்குப் பரிமாற்றக் கட்டணம் வேறு. நான்காம் ஆண்டு மகள் குடும்பம் போய் ஐந்து இரவுகள். ஐந்தாம் ஆண்டு வாரம் காலாவதியாகிவிட்டது. முப்பத்தைந்து இரவுகளுக்குப் பணம் கட்டிப் பதினாறு இரவுகள் தூங்கியிருக்கிறார்கள். அவர் கோப்பை வாங்கித் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு, "சரிப்பா, மூடி வை" என்றார்.

இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் செய்ய வேண்டும். போக நினைத்த இரவுகளை அல்ல, உண்மையில் தங்கிய இரவுகளை எண்ணுங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் கட்டிய கட்டணம், சந்தா, பரிமாற்றக் கட்டணம், சிறப்பு வசூல் எல்லாவற்றையும் கூட்டி அந்த இரவுகளால் வகுத்தால், ஓர் இரவுக்கு ஆன உண்மையான விலை கிடைக்கும். கடன் இருந்தால் வட்டியையும் சேர்க்க வேண்டும். பயணச் செலவைச் சேர்க்க வேண்டாம்; டைம்ஷேர் இல்லாவிட்டாலும் அந்தச் செலவு இருக்கத்தான் போகிறது.

இந்த விலையை எதோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ரிசார்ட்டின் இணையதளத்தில் காட்டும் உச்சப் பருவக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் டைம்ஷேர் எப்போதும் மலிவாகவே தெரியும். விற்பனைக் கூட்டத்திலும் அதைத்தான் காட்டுவார்கள். டைம்ஷேர் இல்லாவிட்டால் நீங்கள் அந்த விலை கொடுத்து அந்த இரண்டு படுக்கையறை வீட்டைத்தான் எடுத்திருப்பீர்களா, சாதாரண அறையோடு நிறுத்தியிருப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிடக் கூர்மையான ஒப்பீடு ஒன்று உண்டு. அதே ரிசார்ட்டில், அதே பருவத்தில், வேறு உரிமையாளர்கள் தங்கள் வாரங்களை என்ன வாடகைக்கு விடுகிறார்கள் என்று உரிமையாளர்களுக்கான வாடகைத் தளங்களில் தேடுங்கள். உங்கள் ஆண்டுக் கட்டணத்தைவிடக் குறைந்த வாடகைக்கு அதே வாரம் கிடைக்கிறது என்றால், உரிமை என்ற பெயரில் நீங்கள் பொறுப்பை மட்டுமே வைத்திருக்கிறீர்கள். வாடகைக்கு எடுப்பவருக்குச் சிறப்பு வசூல் வராது. பிடிக்காத ஆண்டில் அவர் போகாமலும் இருந்துகொள்ளலாம்.

மறுபக்கமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் போகிறவர், தேடப்படும் பருவத்தில் நிலையான வாரம் வைத்திருப்பவர், பெரிய குடும்பத்தோடு போவதால் சமையலறையும் பல அறைகளும் உள்ள வீடு தேவைப்படுபவர், மறுவிற்பனைச் சந்தையில் சொற்ப விலைக்கு வாங்கியவர் ஆகியோருக்கு டைம்ஷேர் நன்றாகவே பயன்படலாம். முன்பதிவுச் சாளரம் திறக்கும் நாளை நாட்காட்டியில் குறித்து வைத்து, பத்து, பன்னிரண்டு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடும் பழக்கம் உள்ளவர்கள் டைம்ஷேரில் பெரும்பாலும் திருப்தியாகவே இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு எந்தத் திட்டமும் ஒத்துவராது. இது குணத்தைப் பொறுத்த விஷயம், அடுத்த ஆண்டு மாறிவிடுவேன் என்று நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம்.

கணக்கு இரண்டுங்கெட்டானாக நின்றால், ஓராண்டு இடைவழிகளை முயன்று பார்க்கலாம். ஒப்பந்தம் அனுமதித்தால் வாரத்தை வாடகைக்கு விட்டுக் கட்டணத்தை ஈடுகட்ட முடிகிறதா என்று பாருங்கள். பாயிண்ட்ஸ் வகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். 1974இல் தொடங்கிய ஆர்சிஐ, 1976இல் தொடங்கிய இன்டர்வல் இன்டர்நேஷனல் போன்ற பரிமாற்ற நிறுவனங்களில் வாரத்தை ஒப்படைப்பதாக இருந்தால், கடைசி நேரத்தில் ஒப்படைப்பதைவிடப் பல மாதங்களுக்கு முன்பே ஒப்படைத்தால் மதிப்பு அதிகம் கிடைக்கும். ஆனால் கட்டணத்தைப் பற்றிப் புகார் சொல்லப் போனால் உங்களை ஓர் உறுப்பினர் ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். இன்னும் கொஞ்சம் பாயிண்ட்ஸ் வாங்கினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பதுதான் அங்கே கிடைக்கும் ஆலோசனை. போகாதீர்கள். போனாலும் பேனாவைத் தொடாதீர்கள்.

விற்பது என்று முடிவானால்

விலையைப் பற்றிய எதிர்பார்ப்பை முதலில் இறக்கி வைக்க வேண்டும். புதிதாக விற்கும்போது வசூலிக்கும் விலையில் விளம்பரம், இலவசத் தங்கல், விற்பனையாளர் கமிஷன் என்று பெரும்பங்கு அடங்கியிருக்கிறது. மறுநாளே அந்தப் பங்கு கரைந்துவிடுகிறது. மறுவிற்பனைச் சந்தையில் பல வாரங்கள் ஒரு டாலருக்கும், சில இலவசமாகவும் கிடைக்கின்றன. அப்படியும் எடுக்க ஆளில்லாதவை உண்டு. விளம்பரங்களில் கேட்கும் விலையைப் பார்த்து மகிழ வேண்டாம். உண்மையில் விற்று முடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். விதிவிலக்குகளும் உண்டு: 1991இல் தொடங்கிய டிஸ்னி வெகேஷன் கிளப்பின் பங்குகள் மறுவிற்பனையிலும் ஓரளவு விலை போகின்றன. ஆனால் அங்கும்கூட 2019 ஜனவரியிலிருந்து, மறுவிற்பனையில் வாங்குபவர்கள் அதற்குப் பிறகு திறக்கும் புதிய ரிசார்ட்டுகளில் பாயிண்ட்ஸைப் பயன்படுத்த முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. இப்படி ஒரு கட்டுப்பாடு உங்கள் ஒப்பந்தத்திலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை வையுங்கள். வாங்குபவர் அதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலானோருக்கு விற்பனையின் வெற்றி என்பது கைக்கு வரும் பணம் அல்ல, இனி வராத ரசீதுதான்.

வாங்கிய சில நாட்களே ஆகியிருந்தால் இந்த அலைச்சல் எதுவும் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறிமுறை காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள 14 நாட்கள் தருகிறது. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், புளோரிடாவில் 10 நாட்கள். ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி, எழுத்துமூலமாக, அனுப்பியதற்குச் சான்றுடன் விலகல் கடிதத்தை உடனே அனுப்புங்கள்.

காலம் கடந்தவர்கள் ரிசார்ட்டிலிருந்தே தொடங்க வேண்டும். நிறுவனங்கள் பல இன்று உரிமையைத் திரும்ப ஒப்படைக்கும் திட்டம் வைத்திருக்கின்றன. ஆனால் அதை அவர்கள் பெரிதாக விளம்பரப்படுத்துவதில்லை, வாடிக்கையாளர் சேவையில் முதலில் பேசுகிறவருக்குத் தெரியாமலும் இருக்கலாம். "உரிமையைத் திரும்ப ஒப்படைக்க விரும்புகிறேன்; அதற்கான துறைக்கு இணைப்புத் தாருங்கள்" என்று நேராகக் கேளுங்கள், பிறகு அதையே எழுத்திலும் அனுப்புங்கள். கடன் முழுவதும் தீர்ந்திருக்க வேண்டும், கட்டணப் பாக்கி இருக்கக் கூடாது என்பவை வழக்கமான நிபந்தனைகள். சிலர் ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டிக் கேட்பார்கள். முடிவில்லாத ஒப்பந்தத்திலிருந்து அந்த விலைக்கு விடுதலை கிடைக்கிறது என்றால் அது மலிவுதான்.

அவர்கள் மறுத்தால், உரிமையாளர்களுக்கான தளங்களில் நீங்களே விளம்பரம் செய்யலாம். ரிசார்ட்டின் பெயர், வாரம் அல்லது பாயிண்ட்ஸ் அளவு, அறை வகை, ஆண்டுக் கட்டணம், கட்டணம் எதுவரை செலுத்தப்பட்டுள்ளது, எந்த ஆண்டின் வாரம் இன்னும் பயன்படுத்தப்படாமல் இருக்கிறது என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள். நல்ல விலை போகும் டைம்ஷேர் என்றால் உரிமம் பெற்ற தரகரிடம் கொடுக்கலாம். விற்று முடிந்த பிறகே கமிஷன் என்பவரிடம் மட்டும் கொடுங்கள். எதுவும் நடக்காவிட்டால், மாற்றச் செலவையும் அடுத்த ஆண்டுக் கட்டணத்தையும் நீங்களே ஏற்றுக்கொண்டு இலவசமாகக் கொடுப்பதுகூட முப்பது ஆண்டு ரசீதுகளைவிட லாபம்.

நேரம் பார்ப்பதும் முக்கியம். கட்டண ரசீது ஆண்டுத் தொடக்கத்தில் வருகிறது என்றால் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே முயற்சியைத் தொடங்குங்கள். மாற்றம் முடிய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகலாம்; ரசீது வந்துவிட்டால் அதைக் கட்டாமல் எதுவும் நகராது. வரும் பருவத்தின் வாரம் பயன்படுத்தப்படாமல் கையில் இருந்தால் வாங்குபவருக்கு அது ஓர் ஈர்ப்பு.

கட்டணத்தைக் கட்டாமல் விட்டுவிட்டால் தானாகப் பறித்துக்கொள்வார்களே என்று யோசிப்பவர்கள் உண்டு. சில சமயம் அப்படித்தான் முடிகிறது. ஆனால் அதற்கு முன் தாமதக் கட்டணம், வட்டி, வசூல் முகவர்களின் அழைப்புகள், கடன் மதிப்பெண்ணில் கறை, சில நாடுகளில் வழக்கு என்று வரிசையாக வரும். வேறு வழியே இல்லை என்ற நிலையிலும், உங்கள் ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்துக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். வரி விஷயத்தையும் அப்போதே கேட்டுவிடலாம்: அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த டைம்ஷேரை நட்டத்துக்கு விற்றால் அந்த நட்டத்தை வரியில் கழிக்க முடியாது, தள்ளுபடியான கடனை வருமானமாகக் கணக்கில் எடுப்பதும் உண்டு.

தானாக வரும் அழைப்பு

விற்பனைக்கு என்று நீங்கள் எங்கும் சொல்லாதபோதே ஒருநாள் தொலைபேசி வரும். பேசுகிறவர் மிகுந்த மரியாதையோடு உங்கள் ரிசார்ட்டின் பெயரையும் வாரத்தையும் சொல்வார். அவருடைய வாடிக்கையாளர் ஒருவர், பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனம், நீங்கள் வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்கத் தயார். ஒப்பந்தத் தாள்கள் மின்னஞ்சலில் வரும். முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கும். பிறகு ஒரு சிறு தொகை: பதிவுக் கட்டணம். அதைக் கட்டியதும் வரி. வரியைக் கட்டியதும் வெளிநாட்டுப் பரிமாற்ற அனுமதி. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி. வாங்குபவர் என்று ஒருவர் கிடையவே கிடையாது.

இது சில்லறைத் திருடர்களின் வேலை மட்டும் அல்ல. மெக்சிகோவின் ஹலிஸ்கோ போதைக் கும்பல் இத்தகைய டைம்ஷேர் மோசடியில் அமெரிக்க உரிமையாளர்களைக் குறிவைத்து நடத்தியதாகச் சொல்லி, அதனோடு தொடர்புடைய பல நிறுவனங்கள் மீது அமெரிக்க நிதித்துறை 2023இல் தடை விதித்தது. கடற்கரை நகரமான புவெர்ட்டோ வயார்ட்டா அந்த வலையின் மையம். பணத்தை இழந்தவர்களையே சில மாதங்கள் கழித்து வழக்கறிஞர் போலவோ அரசு அதிகாரி போலவோ அழைத்து, இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி இரண்டாம் முறையும் பிடுங்குவது இந்த மோசடியின் அடுத்த கட்டம்.

டைம்ஷேரிலிருந்து விடுவித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் வேறு வகை. முழுக் கட்டணத்தையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, ரிசார்ட்டோடு நீங்கள் பேசவே கூடாது, கட்டணத்தையும் நிறுத்திவிடுங்கள் என்று சொல்வார்கள். மாதங்கள் ஓடும், பாக்கி உங்கள் பெயரிலேயே ஏறும். அவர்கள் அனுப்பும் கடிதத்தை நீங்களே ஒரு தபால் செலவில் அனுப்பியிருக்கலாம். முன்பணம் கேட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். முறையான விற்பனையில் நீங்கள் செலுத்த வேண்டிய மாற்றச் செலவுகூட, நீங்களே தேடிச் சரிபார்த்த பதிவு அலுவலகம் அல்லது எஸ்க்ரோ கணக்கு (விற்பனை முடியும்வரை மூன்றாம் தரப்பு பணத்தை வைத்திருக்கும் கணக்கு) வழியாகத்தான் போக வேண்டும். வாங்குபவர் தரப்பு சொல்லும் எஸ்க்ரோ நிறுவனத்தின் எண்ணை அவர்கள் அனுப்பிய தாளிலிருந்து எடுக்காமல், உரிமம் வழங்கும் அரசுத் துறையின் பட்டியலிலிருந்து எடுங்கள்.

உண்மையான வாங்குபவர் கிடைத்த பிறகும், பல ரிசார்ட்டுகளுக்கு அதே விலைக்குத் தாமே முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் உண்டு. அதைப் பயன்படுத்தப் போவதில்லை என்று அவர்கள் எழுத்தில் தரும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பின் பத்திரம் புதிய பெயரில் பதிவாக வேண்டும், மாற்றக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும், ரிசார்ட் தன் உறுப்பினர் பதிவேட்டில் பெயரை மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படியைப் பலர் மறந்துவிடுவதால், பத்திரம் மாறிய பிறகும் ரசீது பழைய முகவரிக்கே வந்துகொண்டிருக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தக் கணக்கில் உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று ரிசார்ட்டின் கடிதத் தாளில் எழுதி வாங்குங்கள். தானாகக் கட்டணம் எடுக்க வங்கிக்குக் கொடுத்திருந்த அனுமதியை அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு ரத்து செய்யுங்கள். கடிதத்தைப் பதிவான பத்திரத்தின் படியோடு சேர்த்து, அடுத்த இரண்டு கட்டணப் பருவங்கள் ரசீது வராமல் கடக்கும் வரை கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.